முகமூடியைக் கழற்றிப்போட்டவர்கள்

"அந்த வெள்ளைத் துணி போர்த்துன ஆளுங்க இன்னும் இருக்காங்களாண்ணே?"

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட வரலாற்றைச் சில வாரங்களாகச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். துணி போயிடுச்சு, ஆளுங்க இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். அது முழுப் பதில்தானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. துணியைக் கழற்றியதால் அவர்கள் பலவீனப்பட்டார்களா, பலப்பட்டார்களா? அந்த உறுத்தலில் எழுதுவதுதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆட்களை 'அவர்', 'இவர்' என்றே எழுதப்போகிறேன். தோழர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். எழுபது வயதுத் தாத்தாவைப் பத்து வயசுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்ட ஊரில் வளர்ந்தவன் நான். ஒரு 'ர்' விகுதிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். இந்த ஆட்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த விகுதியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

கு க்ளக்ஸ் க்ளான், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டென்னஸி மாநிலத்தின் புலாஸ்கி என்ற சிற்றூரில் தொடங்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் ஓட்டுப் போடவும், பள்ளிக்கூடம் கட்டவும், தேர்தலில் நிற்கவும் ஆரம்பித்த நேரம். இராத்திரியில் குதிரையேறி வந்து அடிக்கவும் கொளுத்தவும் கொல்லவும் முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வந்த பட்டாளம் கொஞ்ச காலம் அங்கே இருந்தது. 1871ல் க்ளானுக்கு எதிராகச் சட்டமும் வந்தது. சட்டத்துக்குப் பயந்த காலத்து உடை அது. பயம் தெளிந்த பிறகு கதை வேறு. 1915ல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் மலையில் மறுபடி தொடங்கிய இரண்டாவது க்ளான், 1925 ஆகஸ்ட் 8 அன்று தலைநகர் வாஷிங்டனில் ஊர்வலம் போனது. 30,000 பேருக்கு மேல். அங்கி உண்டு, கூம்புத் தொப்பி உண்டு, முகமூடி மட்டும் இல்லை. பட்டப்பகலில், திறந்த முகத்தோடு நடந்தார்கள். ஆக, 'நாங்களும் கௌரவமான குடிமக்களே' என்று வந்து நிற்பது இன்று நேற்று பழகிய வித்தை இல்லை.

ஆனால் இந்த வித்தை முழுசாகத் தேறியது 1954க்குப் பிறகுதான். அந்த வருஷம் மே 17 அன்று, வெள்ளையருக்கு ஒரு பள்ளி கறுப்பருக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 'பிரவுன்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு மாதத்துக்குள், ஜூலையில், மிஸிஸிப்பியின் இண்டியனோலா ஊரில் சில வெள்ளையர்கள் கூடினார்கள். கூட்டியவர் ராபர்ட் பேட்டர்சன் என்கிற தோட்ட நிர்வாகி. வந்தவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்கள் ஆரம்பித்ததுதான் 'குடிமக்கள் மன்றம்'. பெயரைப் பாருங்கள். இதில் வெள்ளை எங்கே இருக்கிறது, வெறி எங்கே இருக்கிறது? தெற்கு மாநிலங்கள் முழுக்க அது பரவியது. வங்கி மேலாளர், வக்கீல், மேயர், பருத்தி வியாபாரி, நீதிபதி எல்லாரும் உறுப்பினர்கள். வன்முறை எங்களுக்கு ஆகாது, க்ளானுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். கிரீன்வில் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் ஹாடிங் கார்ட்டர் என்ற வெள்ளைக்காரரே இவர்களைப் பெரிய வீதியில் குடியிருக்கிற க்ளான் என்கிற பொருளில் கேலி செய்தார்.

க்ளான் சவுக்கைக் கையில் எடுத்தது. மன்றம் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தது. மிஸிஸிப்பியின் யாஸூ சிட்டியில் 1955ல் கறுப்பினப் பெற்றோர்கள் 53 பேர், தீர்ப்புப்படி பள்ளியைத் திறந்து விடுங்கள் என்று ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மனுதான். கல்லெறியவில்லை, கோஷம்கூடப் போடவில்லை. மன்றம் அந்த 53 பேரின் பெயரையும் ஊர்ப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டது. 'பொதுமக்கள் தகவலுக்காக' என்பது போல. வேறெதுவும் செய்யவில்லை, ஒரு மிரட்டல் வார்த்தை இல்லை. அடுத்த வாரங்களில் ஒவ்வொருவருக்காக வேலை போனது. கடன் கொடுத்தவர் உடனே திருப்பிக் கேட்டார். கடை வைத்திருந்தவருக்கு மொத்த வியாபாரி சரக்குப் போட மறுத்தார். ஏறக்குறைய எல்லாரும் மனுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகும் போன வேலை போனதுதான். பலர் ஊரைவிட்டே போனார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. "கழி எடுத்துனு வர்றவன்கிட்ட ஓடித் தப்பிச்சுக்கலாம்டா, நோட்டு எடுத்துனு வர்றவன்கிட்ட எங்க ஓடுறது" என்று சொல்லும். பண்ணையாரைவிட அவருடைய கணக்குப்பிள்ளையைக் கண்டால்தான் அதற்கு நடுக்கம். அந்தக் கணக்குப்பிள்ளை யாரையும் கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. 'வாம்மா' என்றுதான் பேசுவார். அடுத்த நாள் களத்தில் வேலை இருக்காது.

மன்றம் பிறந்த அதே இண்டியனோலாவின் நீதிமன்றத்துக்குத்தான் 1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். பதினெட்டு வருஷமாக வேலை செய்து குடியிருந்த தோட்டத்திலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். முகமூடி போட்ட யாரும் வரவில்லை. தோட்டக்காரரே நேரில் சொல்லிவிட்டார்.

வன்முறை ஆகாது என்றவர்களின் யோக்கியதை ஒரு வருஷத்தில் தெரிந்தது. 1963 ஜூன் 12 நள்ளிரவு கடந்த நேரம், ஜாக்ஸன் நகரில் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட பைரன் டி லா பெக்வித் மன்றத்தின் உறுப்பினர். அவருடைய வழக்குச் செலவுக்கு மன்றத்தார் நிதி திரட்டினார்கள். விசாரணை நடந்துகொண்டிருந்த நீதிமன்றத்துக்குள் வந்து முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் அவரோடு கை குலுக்கினார். 1964ல் இரண்டு முறையும் வெள்ளை ஆண்களே நிறைந்த நடுவர் குழுக்கள் முடிவெடுக்க முடியாமல் கலைந்தன. தண்டனை கிடைத்தது 1994 பிப்ரவரியில். அந்தக் கொலைக்கான தண்டனை இல்லாமலே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார் அந்த மனிதர்.

இந்தக் கௌரவம் எவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு சாட்சி. யாஸூ சிட்டியில் பிறந்து மிஸிஸிப்பியின் ஆளுநராக இருந்தவர் ஹேலி பார்பர். 2010 டிசம்பரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், எங்க ஊரில் குடிமக்கள் மன்றம் என்றால் ஊர்த் தலைவர்கள், க்ளானை ஊருக்குள் விடாமல் வைத்தவர்கள் அவர்கள்தான் என்றார். கண்டனம் எழுந்ததும் மறுநாளே பின்வாங்கினார். அவர் சொன்னது முழுப் பொய்கூட இல்லை என்பதுதான் விஷயம். க்ளான் வர வேண்டிய அவசியம் அந்த ஊருக்கு இல்லை. 53 பேருக்கு ஒரு விளம்பரமே போதுமானதாக இருந்ததே!

மன்றத்தை எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். மவுண்ட் பேயூ ஊரின் டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்டும் உரிமை இயக்கத்தாரும், கறுப்பினச் சங்கங்கள், திருச்சபைகள், வியாபாரிகள் எல்லாரிடமும் சொல்லி, மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவரே நடத்திய ட்ரை-ஸ்டேட் வங்கியில் பணம் போட வைத்தார்கள். வெள்ளை வங்கி கழுத்தை நெரித்த விவசாயிக்கும் கடைக்காரருக்கும் அங்கிருந்து கடன் போனது. நம் வரலாற்றுப் புத்தகங்களில் ஊர்வலத்துக்குக் கிடைக்கிற இடம் இந்த மாதிரி வேலைக்குக் கிடைப்பதில்லை.

இனி அங்கியின் கதை முடிந்த விதம். 1964, 1965 சட்டங்களுக்குப் பிறகு க்ளானுக்கு மறுபடி சட்டப் பயம் வந்தது. 1981ல் அலபாமாவின் மொபைல் நகரில் மைக்கேல் டொனால்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞரைக் கொன்று மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள் க்ளான்காரர்கள். அவருடைய தாய் பியூலா மே டொனால்ட் அந்த அமைப்பின் மீதே வழக்குப் போட்டார். 1987ல் நடுவர் குழு 70 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அமைப்பிடம் அவ்வளவு பணம் ஏது? அவர்களுடைய தலைமையகக் கட்டிடம் அந்தத் தாயின் கைக்கு வந்தது. அதை விற்றார். அங்கி போடுவது கட்டுப்படியாகாத தொழிலாகிவிட்டது.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுவிட்டவர் டேவிட் டியூக். 1970ல் லூசியானாவில் மாணவராக இருந்தபோது, நாஜிச் சீருடையும் ஸ்வஸ்திக் கைப்பட்டையுமாக, எதிராளிகளை விஷவாயு வைத்துக் கொல்லச் சொல்லும் அட்டையைத் தூக்கி நின்றார். படம் இருக்கிறது, மறுக்க முடியாது. பிறகு க்ளானின் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். 'மகா மந்திரவாதி' என்கிற பாணியில் இருந்த பழைய பட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. 'தேசிய இயக்குநர்' என்று போட்டுக்கொண்டார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் சிலுவை கொளுத்துகிற கூட்டத்தை ஓட்டல் அரங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் திட்டம். 1980ல் க்ளானைவிட்டு விலகி ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயர் 'வெள்ளையர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம்'. 1909ல் டு பாய்ஸ் உள்ளிட்டோர் தொடங்கிய நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தார். 1946ல் அம்பேத்கர், ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டுக் கடிதம் எழுதியது அந்த டு பாய்ஸுக்குத்தான். ஒடுக்கப்பட்டவன் கண்ணீர்விட்டு உண்டாக்கிய வார்த்தையை ஒடுக்கியவன் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்வது நமக்குப் புதுசில்லை.

முகத்தையே அறுவை சிகிச்சை செய்து திருத்திக்கொண்டார் என்று பத்திரிகைகள் எழுதின. முக்கால்வாசிப் பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் நாக்கைத் திருத்திக்கொண்ட விதம். கறுப்பர்களை இழித்துப் பேசும் அந்த வசைச் சொல்லை மேடையில் விட்டொழித்தார். நான் எவருக்கும் எதிரியில்லை, எல்லாருக்கும் சம உரிமை, தகுதி பார்த்து வேலை கொடுங்கள், இட ஒதுக்கீடு என்பது வெள்ளையருக்குச் செய்கிற அநீதி, உழைக்காமல் அரசு உதவி வாங்குகிறவர்களுக்கு என் வரிப்பணமா என்றார். இந்த வசனங்கள் ஒவ்வொன்றும் அன்றைய குடியரசுக் கட்சி மேடைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை. அந்தக் கட்சியின் தேர்தல் சூத்திரதாரி லீ அட்வாட்டர் 1981ல் ஓர் ஆய்வாளரிடம் இதை மறைக்காமல் விளக்கியிருக்கிறார். 1954ல் வசைச் சொல்லைச் சொல்லி ஓட்டு வாங்கலாம், 1968ல் அது எடுபடாது, அதனால் மாநில உரிமை என்கிறோம், அப்புறம் வரிக்குறைப்பு என்கிறோம், அடிபடுவது என்னவோ கறுப்பர்கள்தான் என்கிற கருத்தில். அதே அட்வாட்டர் தேசியத் தலைவராக இருந்தபோதுதான் 1989ல் அந்தக் கட்சி டியூக்கைக் கண்டித்து விலக்கியது. பாடம் நடத்திய வாத்தியாருக்கு, பிள்ளை அதைச் சத்தமாக ஒப்பித்ததும் சங்கடமாகிவிட்டது.

1989 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டாரியில், கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர் குடியிருந்த தொகுதியில், டியூக் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். 8,459 வாக்குகள், எதிர்த்து நின்றவருக்கு 8,232. அதிபர் புஷ்ஷும் முன்னாள் அதிபர் ரீகனும் எதிராளிக்கு ஆதரவு கொடுத்தும் இந்த முடிவு. பெத் ரிக்கி என்ற பெண்மணி, அதே குடியரசுக் கட்சியின் மாநிலக் குழு உறுப்பினர், டியூக்கின் சட்டமன்ற அலுவலகத்துக்கே போய் ஹிட்லரின் புத்தகம் உட்பட நாஜி நூல்களைக் காசு கொடுத்து வாங்கி வந்து காட்டினார். உறுப்பினராகி சில மாதம்கூட ஆகவில்லை. கண்டனத் தீர்மானத்தை மாநிலக் குழு விவாதிக்காமல் தள்ளி வைத்தது.

இங்கேதான் நான் வெகுநாள் தப்பாக நினைத்திருந்தேன். கோட்டுக்குள்ளே இருக்கும் அங்கியை இழுத்துக் காட்டிவிட்டால் போதும், ஜனங்கள் விலகிவிடுவார்கள் என்று. லூசியானாவில் யாருக்குத் தெரியாது? 1970 படம் தொலைக்காட்சியில் வராத நாளில்லை. தெரிந்துதான் 1990 செனட் தேர்தலில் 43 சதவீதத்துக்கு மேல் போட்டார்கள். வெள்ளை வாக்காளர்களில் பத்தில் ஆறு பேர். கருத்துக் கணிப்புகள் சொன்னதைவிட அது வெகு அதிகம். கணிப்பாளரிடம் சொல்ல வெட்கப்பட்டவர்கள் சாவடித் திரைக்குப் பின்னால் வெட்கப்படவில்லை. க்ளானின் முகமூடி போட்டுக்கொண்டவனின் முகத்தை மறைத்தது. டியூக்கின் கோட்டோ அவருக்கு ஓட்டுப் போட்ட பள்ளி ஆசிரியரின், அண்டை வீட்டுக்காரரின் முகத்தை மறைத்தது. நான் நிறவெறி பிடிச்சவன் இல்லீங்க, வரி ஜாஸ்தியாப் போச்சேன்னுதான் போட்டேன் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

1991 நவம்பர் 16 அன்று ஆளுநர் தேர்தலின் இறுதிச் சுற்று. எதிரே எட்வின் எட்வர்ட்ஸ், ஊழல்வாதி என்று ஊரே பேசிய ஆள். 'திருடனுக்கே ஓட்டுப் போடு, இது முக்கியம்' என்கிற வாசகத்தைக் காரில் ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். எட்வர்ட்ஸுக்கு 10,57,031. டியூக்குக்கு 6,71,009. வெள்ளையர்களில் பாதிக்கு மேல் அப்போதும் டியூக் பக்கம்தான். மாநாடுகளும் சுற்றுலாவும் போய்விடும் என்று வியாபாரிகளும் பயந்தார்கள், அது வேறு. ஆனால் தோற்கடித்தது கறுப்பின மக்களின் வாக்கு. பத்தில் எட்டுப் பேர் வாக்குச் சாவடிக்குப் போனார்கள், ஏறக்குறைய எல்லாருமே எதிர்த்துப் போட்டார்கள். வெள்ளையரின் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று பிறகு எழுதியவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். (எட்வர்ட்ஸ் பிற்பாடு ஊழல் வழக்கில் சிறை போனார். டியூக்கும் ஆதரவாளர்கள் அனுப்பிய பணத்தில் மோசடி செய்ததாக 2002ல் ஒப்புக்கொண்டு சிறை போனார். அவருக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக் கிழவிகளை நினைத்தால் எனக்கு இரக்கம் வரவில்லை.)

டியூக்கை நாம் படிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 1998ல் அவர் வெளியிட்ட சுயசரிதையில் இந்தியா வருகிறது. இளம் வயதில் இங்கே வந்து சுற்றியிருக்கிறார். வெள்ளை ஆரியர்கள் இங்கு வந்து, இரத்தம் கலக்காமல் காக்கவே சாதியை ஏற்படுத்தினார்கள், அந்தக் கட்டு தளர்ந்து கலந்தார்கள், நாகரிகம் அழிந்தது, அமெரிக்காவுக்கும் இதுதான் கதி என்பது அவர் இங்கிருந்து எடுத்துப்போன பாடம். ஒரு க்ளான் தலைவருக்கு நம் சேரியும் ஊரும் ஆய்வுக்கூடமாக இருந்திருக்கிறது. நாமெல்லாம் அவருடைய எச்சரிக்கைப் பலகை. 1946லேயே அம்பேத்கர் சூத்திரர்கள் பற்றிய நூலில் இந்த ஆரிய இனக் கதையைப் பிய்த்துப் போட்டுவிட்டார். அதைப் படித்திருந்தால் டியூக்குக்குப் பயணச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் படித்தவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்த ஜாரெட் டெய்லர் 1990ல் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார். தன்னை 'இன யதார்த்தவாதி' என்கிறார். 1994 முதல் மாநாடுகள். கோட்டு, டை, மேற்கோள்கள். ரிச்சர்ட் ஸ்பென்சர் நடத்திய அமைப்பின் பெயர் 'தேசியக் கொள்கை நிறுவனம்'. தலைமுடி வெட்டையும் உடையையும் வர்ணித்துப் பத்திரிகைகள் எழுதின. அப்படி எழுதிய சில வாரங்களில், 2016 நவம்பரில், வாஷிங்டனில் அவர் கூட்டிய மாநாட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நாஜி வணக்கம் வைத்தார்கள். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில்லில் தீப்பந்தம் பிடித்துப் போனவர்களில் பலர் வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாகக் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். மறுநாள் ஹெதர் ஹேயர் கார் ஏற்றிக் கொல்லப்பட்டார். டியூக்கும் அங்கே இருந்தார். பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குள் நடக்கிற பெரிய விவாதம். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூதக் கோயிலில் 11 பேரைக் கொன்றவன், உள்ளே போவதற்கு முன் எழுதிவைத்தது, உங்க தோற்றமும் மண்ணாங்கட்டியும், நான் போறேன் என்கிற அர்த்தத்தில்தான். இவனுக்கு 'ர்' போட என் கை வரவில்லை.

கடைசியாக இண்டியனோலாவுக்கே திரும்பி வருகிறேன். குடிமக்கள் மன்றம் தேய்ந்துபோன பிறகு, அதன் பழைய முகவரிப் பட்டியலை வைத்து 1985ல் 'பழமைவாதக் குடிமக்கள் மன்றம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். எம்.பி.க்களும் செனட்டர்களும் போய்ப் பேசிய மேடை அது. கறுப்பர்கள் செய்யும் குற்றங்கள் என்று பட்டியல் பட்டியலாக வெளியிடுவது அதன் வேலை. 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் வேத பாட வகுப்புக்கு ஓர் இளைஞன் வந்தான். உட்காரச் சொன்னார்கள், கையில் வேதாகமம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டு 9 பேரைச் சுட்டுக் கொன்றான். தான் முதலில் படித்தது அந்த மன்றத்தின் பட்டியலைத்தான் என்று எழுதி வைத்திருந்தான். மன்றம் அறிக்கை விட்டது. கொலையைக் கண்டிக்கிறோம், ஆனால் அவன் சொன்ன கருத்துகளில் சிலவற்றின் நியாயம் இதனால் குறைந்துவிடாது என்று. மன்றத்தின் சார்பில் பத்திரிகைகளிடம் பேச நியமிக்கப்பட்டவர் யேலில் படித்த டெய்லர்.

அடுத்த வாரம் வட்டத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. கேள்வி கேட்ட அந்தத் தம்பி நோட்டில் 53 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தார். டியூக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மெம்பிஸ் பேங்கு பேரு என்னண்ணே சொன்னீங்க?" என்றார்.

ட்ரை-ஸ்டேட் என்றேன். எழுதிக்கொண்டார்.